பறவை பறக்கும், உண்ணியும் கூடவே பறக்கும்!

(அறிவியல் பகுதி. எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி)

நம் சுவர் இதழில் இந்த முறை ஒரு சின்ன உயிரைப் பற்றி எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு விடுகதை.

காலு எட்டு இருக்கு, இறக்கை ஒண்ணுகூட இல்லை. குதிக்கவும் தெரியாது, வேகமா ஓடவும் தெரியாது. ஆனா கடலைத் தாண்டி வேற கண்டத்துக்கே போயிடும். அது யாரு?

யோசிச்சுப் பார்த்தீங்களா? விடை: உண்ணி! ஆமாங்க, நம்ம வீட்டு ஆட்டுக் காதிலும் மாட்டு மடியிலும் நாய் கழுத்திலும் ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்த உண்ணியேதான். இறக்கை இல்லாத உண்ணி எப்படிக் கடல் தாண்டும்? பறவை மேல் ஏறித்தான். அது தனியாகவும் போவதில்லை. சில நேரம் அதன் வயிற்றுக்குள் நோய் உண்டாக்கும் பாக்டீரியாவும் கூடவே போகிறது. பறவை மேல் உண்ணி, உண்ணிக்குள் பாக்டீரியா. பஸ்ஸில் போகிறவர் மடியில் பை, பைக்குள் பாம்பு என்பது போலத்தான்! வாருங்கள், விவரமாகப் பார்ப்போம்.

உண்ணி ஒரு பூச்சியா?

பூச்சிக்கு எத்தனை கால்? ஆறு. உண்ணிக்கு எட்டு. அதனால் உண்ணி பூச்சி இனம் கிடையாது. சிலந்தி, தேள் இவங்க சொந்தக்காரர் அது. ஆனா முட்டையிலிருந்து வந்த புதுசில் மட்டும் உண்ணிக் குஞ்சுக்கு ஆறு கால்தான் இருக்கும். தோலுரித்து அடுத்த பருவத்துக்கு வந்ததும் எட்டுக் கால் ஆகிவிடும்.

உண்ணியின் வாழ்க்கையில் நான்கு பருவங்கள். முட்டை, குஞ்சு, இளம் உண்ணி, பெரிய உண்ணி. நான் சொல்லப் போகிற காட்டு உண்ணி வகை, ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு தடவைதான் இரத்தம் குடிக்கும். குஞ்சா இருக்கும்போது ஒரு வேளை, இளசா இருக்கும்போது ஒரு வேளை, பெரிசானதும் ஒரு வேளை. வாழ்நாள் முழுக்க மூணே சாப்பாடு! நமக்கு ஒரு நாளைக்கே மூணு வேளை பத்தவில்லை.

சாப்பாடு கிடைக்கும் வரை உண்ணி என்ன செய்யும்? புல் நுனியிலோ செடி இலையிலோ ஏறி உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டையும் நீட்டிக் காத்திருக்கும். அதன் முன்னங்காலில் மோப்பம் பிடிக்கிற உறுப்பு இருக்கிறது. நாம் மூச்சு விடும் கார்பன் டை ஆக்சைடு, உடம்புச் சூடு, வாசனை எல்லாவற்றையும் அதை வைத்துக் கண்டுபிடித்துவிடும். ஏதாவது உயிர் உரசிக்கிட்டுப் போனால் உடனே பிடித்து ஏறிக்கொள்ளும்.

ஏறியதும் தோலில் ஓட்டை போட்டு வாயை உள்ளே செருகும். அந்த வாயில் தூண்டில் முள் மாதிரி பின்பக்கம் பார்த்த முட்கள் இருக்கும். அதனால்தான் ஆட்டுக் காதிலிருந்து உண்ணியைப் பிடுங்கும்போது சுலபமாக வருவதில்லை. அதன் எச்சிலில் வலி தெரியாமல் செய்யும் பொருளும், இரத்தம் உறையாமல் செய்யும் பொருளும் இருக்கின்றன. அதனால் கடிச்சதே பல பேருக்குத் தெரியாது. கொசு சில நிமிடத்தில் குடித்துவிட்டுப் பறந்துவிடும். உண்ணியோ நாள்கணக்கில் அங்கேயே இருக்கும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி வேணும்.

லைம் என்ற ஊரில் நடந்தது

அமெரிக்காவில் கனெக்டிகட் என்று ஒரு மாநிலம். அங்கே லைம், ஓல்டு லைம், ஈஸ்ட் ஹேடம் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். சுற்றிலும் காடு, மான்கள், பறவைகள் என்று அழகான இடம்.

அங்கே பாலி முர்ரே என்று ஒரு அம்மா இருந்தார். அவருக்கும், வீட்டுக்காரருக்கும், பிள்ளைகளுக்கும் மாற்றி மாற்றி உடம்பு சரியில்லாமல் போனது. முட்டி வீக்கம், காய்ச்சல், தலைவலி, தோலில் சிவப்புத் தடிப்பு. டாக்டர்களிடம் போனால் காரணம் தெரியவில்லை. சிலர் இது மனசு சம்பந்தப்பட்டது என்றுகூட நினைத்தார்கள். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. யாருக்கு, எப்போது, என்ன செய்தது என்று எழுதி வைக்க ஆரம்பித்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்தார். பார்த்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே முட்டி வீக்கம்!

1975-ஆம் ஆண்டு பாலி முர்ரேயும், ஜூடித் மென்ஷ் என்ற இன்னொரு தாயும் சுகாதாரத் துறைக்கும் மருத்துவர்களுக்கும் இதைத் தெரிவித்தார்கள். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஆலன் ஸ்டீர் என்ற மருத்துவர் விசாரிக்க வந்தார். அந்த மூன்று ஊர்களிலும் சேர்த்து 51 பேருக்கு நோய் இருந்தது. அதில் 39 பேர் குழந்தைகள்! 12 பேர்தான் பெரியவர்கள்.

ஸ்டீர் குழு இன்னொன்றையும் கவனித்தது. பெரும்பாலும் கோடைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும்தான் நோய் ஆரம்பித்திருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்தாலும் வேற வேற வருஷத்தில் வந்திருந்தது. அப்படின்னா சளி மாதிரி ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு ஒட்டவில்லை. வெளியிலிருந்து ஏதோ கடித்துத்தான் வருகிறது என்று சந்தேகம் வந்தது. ஊர்ப் பெயரையே நோய்க்கு வைத்து 'லைம் நோய்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது என்னவென்றால், முதலில் துப்புக் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள் இல்லை, அம்மாக்கள். அவர்களிடம் இருந்த கருவி ஒரு நோட்டும் பேனாவும்தான்.

உண்ணி வயிற்றுக்குள் ஒரு ஸ்பிரிங்!

கடிப்பது உண்ணி என்ற சந்தேகம் வலுத்தது. ஆனா உண்ணிக்குள் இருப்பது என்ன? வில்லி பர்க்டோர்ஃபர் என்று ஒரு விஞ்ஞானி. சுவிட்சர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவில் மான்டனா மாநிலத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் உண்ணிகளைப் பற்றியே ஆராய்ந்து வந்தார். 1981-இல் நியூயார்க் மாநிலத்து ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அவர் தேடியது வேறொரு காய்ச்சலின் கிருமி. ஆனா உண்ணியின் குடலில் கிடைத்தது நீளமா, ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நெளிகிற பாக்டீரியா!

லைம் நோய் வந்தவர்களின் இரத்தத்தோடு சேர்த்துச் சோதித்தபோது இதுதான் காரணம் என்று தெரிந்தது. 1982-இல் இந்தச் செய்தி வெளியானது. 1984-இல் அவரைப் பெருமைப்படுத்தவே அந்தப் பாக்டீரியாவுக்கு 'பொரேலியா பர்க்டோர்ஃபெரி' என்று பெயர் வைத்தார்கள். ஒரு நோய்க்கிருமிக்கு நம்ம பெயரை வைப்பது பெருமையா இல்லையா என்று என் தோழி கேட்டாள். அறிவியலில் அது பெரிய பெருமைதான்!

ஐரோப்பாவில் இது புதுசு இல்லை. 1909-லேயே சுவீடன் நாட்டுத் தோல் மருத்துவர் அர்விட் அஃப்சீலியஸ், உண்ணி கடித்த இடத்தைச் சுற்றி வளையம் வளையமாகச் சிவப்பு பரவுவதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். அது ஏன் என்று தெரிய இன்னும் எழுபது வருஷத்துக்கு மேல் ஆனது.

குஞ்சு உண்ணிக்கு நோய் எங்கிருந்து வந்தது?

இதுதான் முக்கியமான கேள்வி. தாய் உண்ணியிடம் பொரேலியா இருந்தாலும் முட்டை வழியாக அது பொதுவாகக் குஞ்சுக்குப் போவதில்லை. குஞ்சு பிறக்கும்போது சுத்தமாகத்தான் பிறக்கிறது. அப்புறம் எப்படி?

முதல் சாப்பாட்டில்தான்! குஞ்சு உண்ணி தரைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த வழியாக வருவது யார்? சுண்டெலி, அணில் மாதிரி சின்ன உயிர்கள், தரையில் இரை தேடும் பறவைகள். அவற்றின் இரத்தத்தைக் குடிக்கும்போது அங்கே பொரேலியா இருந்தால் குஞ்சின் வயிற்றுக்குள் வந்துவிடும். குஞ்சு தோலுரித்து இளம் உண்ணி ஆனாலும் பாக்டீரியா உள்ளேயே இருக்கும். அடுத்த சாப்பாட்டுக்கு இன்னொரு எலியையோ பறவையையோ கடித்தால் அதுக்குப் போகும். மனிதனைக் கடித்தால் நமக்கு வரும். இப்படியே சங்கிலி மாதிரி போய்க்கிட்டே இருக்கு.

இந்த இளம் உண்ணி எவ்வளவு பெரிசு தெரியுமா? ஒரு கசகசா அளவுதான்! அம்மா குருமாவுக்கு அரைப்பாங்களே, அந்தக் கசகசா. அது கால் மடிப்பிலோ தலைமுடிக்குள்ளோ ஒட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்?

மானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய உண்ணிகள் மானின் இரத்தத்தைக் குடித்துத்தான் முட்டையிடுகின்றன. ஆனா மானிடமிருந்து பொரேலியா உண்ணிக்கு ஏறுவதில்லை. மான் சோறு போடும், நோய் கொடுக்காது.

பறவையின் பங்கு என்ன?

எல்லாப் பறவை மேலும் உண்ணி ஏறாது. மர உச்சியிலேயே இருக்கிற பறவைக்கு ஏறுவது குறைவு. தரையில் இறங்கி, சருகைக் கிளறிப் புழு தேடுகிற பறவைகளுக்குத்தான் அதிகம். அமெரிக்காவில் ராபின் என்கிற பூங்குருவி இனமும், ஐரோப்பாவில் பிளாக்பேர்டு போன்ற பூங்குருவி இனங்களும் இப்படித்தான் இரை தேடும்.

பறவை தன் அலகால் இறகைக் கோதும்போது உண்ணியையும் எடுத்துவிடும். ஆனா அலகு எட்டாத இடம் எது? கண் ஓரம், அலகின் அடிப்பக்கம், காதுப் பக்கம். அதனால் உண்ணிகள் அங்கேதான் கூட்டமாக ஒட்டியிருக்கும். நம்ம முதுகில் கை எட்டாத இடத்தில் அரிக்கிற மாதிரி பாவம், பறவை என்ன செய்யும்?

பறவையின் உடம்புச் சூடு நம்மைவிட அதிகம், சுமார் 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டிலும் சில பொரேலியா நன்றாகப் பிழைக்கிறது. பொரேலியாவில் பல வகை உண்டு. ஐரோப்பாவில் 'பொரேலியா அஃப்சீலி' எலிகளிடம் அதிகம். 'பொரேலியா காரினி' பறவைகளிடம் அதிகம். இந்தக் காரினி வகை மனிதருக்கு வந்தால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது. 2000-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், அமெரிக்க ராபினும் உண்ணிகளுக்கு நோய்க்கிருமியைக் கொடுக்கக்கூடியது என்று தெரிந்தது.

அதே 2000-இல் சுவீடன் நாட்டினர் இன்னொரு அதிசயத்தைக் கண்டுபிடித்தார்கள். ரெட்விங் என்கிற பூங்குருவிக்கு நோய்க்கிருமி வந்து அடங்கிப் போயிருந்தது. வலசை போகிற காலம் வந்ததும் கூண்டிலிருந்த அந்தப் பறவைக்குப் பறக்கத் துடிப்பு வந்தது. அப்போது அடங்கிக் கிடந்த பாக்டீரியா மறுபடி விழித்துக்கொண்டதாம்! அதாவது பறவை பயணம் கிளம்புகிற நேரத்திலேயே கிருமியும் தயாராகிவிடுகிறது.

கடல் தாண்டிய கதை

எலியும் நோயைச் சுமக்கிறது, பறவையும் சுமக்கிறது. என்ன வித்தியாசம்? எலி தன் வளையைச் சுற்றித்தான் ஓடும். வலசைப் பறவை ஒரே இரவில் சில நூறு கிலோமீட்டர் பறந்துவிடும். உண்ணி மூணு நாலு நாள் ஒட்டியிருக்கும் என்று முன்னாடி சொன்னேன் இல்லையா? அதுக்குள்ளே பறவை எந்த ஊரில் இருக்குமோ! வயிறு நிறைந்ததும் உண்ணி அங்கே உதிர்ந்துவிடும். டிக்கெட் இல்லாமல் வந்த பயணி இறங்கிக்கொண்டார்!

உதாரணம் 1: கனடாவில் ஆராய்ச்சி செய்தவர்கள், வசந்த காலத்தில் தெற்கிலிருந்து வரும் பறவைகளைப் பிடித்துப் பார்த்து உண்ணிகளை எண்ணினார்கள். அதை வைத்து 2008-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு வசந்த காலத்திலும் 5 கோடி முதல் 17½ கோடி வரை உண்ணிகள் பறவைகளோடு கனடா முழுக்கப் பரவலாம்! எல்லா உண்ணியும் பிழைக்காது. குளிரில் நிறைய செத்துப்போகும். ஆனா பூமி சூடாகிக்கொண்டே போனால், முன்பு பிழைக்க முடியாத இடத்தில்கூட உண்ணி பிழைக்கும். அதுதான் கவலை.

உதாரணம் 2: சுவீடனுக்குப் பக்கத்துக் கடலில் போண்டன் என்று ஒரு தீவு. அங்கே ரேசர்பில் என்ற கடல் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும். 1993-இல் பியோர்ன் ஓல்சன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் அந்தப் பறவைகளின் உண்ணிக்குள் பொரேலியா இருப்பதைக் காட்டினார்கள். காட்டு எலியும் மானும் இல்லாமல் கடல் பறவையும் உண்ணியும் மட்டுமே அந்தச் சங்கிலியை நடத்திக்கொள்ள முடிகிறது!

1995-இல் இன்னும் பெரிய செய்தி. பூமியின் வடக்குப் பாதியில் உள்ள கடல் பறவை உண்ணிகளிலும், தெற்குப் பாதியில் உள்ள காம்ப்பெல் தீவு, குரோசே தீவு உண்ணிகளிலும் இருந்த காரினி பாக்டீரியாவின் மரபணுவை ஒப்பிட்டார்கள். ஆராய்ந்த மரபணு ஒரே மாதிரி இருந்தது! உலக வரைபடத்தில் அந்த இடங்களைத் தொட்டுப் பாருங்கள். மேலிருந்து கீழ் வரை பூமியே நடுவில் இருக்கிறது. கடல் பறவைகள்தான் அதை இணைத்திருக்க வேண்டும்.

உதாரணம் 3: ஆப்பிரிக்காவில் ஹயலோமா என்று பெரிய உண்ணி இனம். கால்களில் வரி வரியா இருக்கும். இதன் குஞ்சு ஒரு பறவை மேல் ஏறினால், அங்கேயே தோலுரித்து, இளம் உண்ணி ஆன பிறகும் அதே பறவையிலேயே இருக்கும். அதனால் வாரக்கணக்கில் பயணம் செய்யலாம். சஹாரா பாலைவனம், மத்தியதரைக் கடல் எல்லாம் தாண்டி ஐரோப்பா வந்துவிடும். 2018 கோடை ரொம்பச் சூடா இருந்தது. அந்த வருஷம் ஜெர்மனியிலும் சுவீடனிலும் இந்த உண்ணிகள் கிடைத்தன. அவற்றில் சிலவற்றுக்குள் ரிக்கெட்சியா என்ற காய்ச்சல் பாக்டீரியாவும் இருந்தது.

நோய் வந்தால் என்ன ஆகும்?

லைம் நோயில், கடித்து 3 முதல் 30 நாளுக்குள் பல பேருக்குக் கடிபட்ட இடத்தைச் சுற்றி சிவப்பு வட்டம் பெரிசாகிக்கொண்டே போகும். சிலருக்கு நடுவில் வெளுத்து, வில் எறியும் இலக்குப் பலகை மாதிரி வளையம் தெரியும். காய்ச்சல், தலைவலி, அசதி வரும். கவனிக்காமல் விட்டால் முட்டி வீங்கும், முகத்தில் ஒரு பக்கம் வாதம் வரலாம், இதயத் துடிப்பும் பாதிக்கலாம்.

நல்ல செய்தி என்னவென்றால் இது பாக்டீரியா. அதனால் டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்து கேட்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். அமெரிக்காவில் 2010 முதல் 2018 வரையான கணக்குகளை வைத்து, ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் லைம் நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக மதிப்பிட்டார்கள். அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

நம்ம நாட்டில்?

லைம் நோய் முக்கியமாக வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவின் குளிர்ப் பகுதிகளில் உள்ள நோய். நம்ம ஆட்டு, மாட்டு உண்ணிகள் வேற இனம். அதனால் பயந்து யாரும் வீட்டு ஆட்டைத் தூர விரட்ட வேண்டாம். ஆனா உண்ணிக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

1957-இல் இன்றைய கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதருக்கும் கடுமையான காய்ச்சல் வந்தது. அதைப் பரப்பியது காட்டு உண்ணி. ஆனா உள்ளே இருந்தது பாக்டீரியா இல்லை, வைரஸ். அந்த வைரஸ் ரஷ்யாவில் இருக்கும் ஒரு உண்ணி வைரஸ் மாதிரி இருந்தது. உடனே ஒரு கேள்வி. சைபீரியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகள் கொண்டு வந்திருக்குமோ?

இதைக் கண்டுபிடிக்க உலக சுகாதார நிறுவனம் உதவி செய்தது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்களும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் பல இடங்களில் பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டி, உண்ணி இருக்கிறதா என்று பார்த்துப் பறக்க விட்டார்கள். 1960-களில் நம்ம தமிழ்நாட்டுக் கோடியக்கரையிலும் இந்த வேலை நடந்தது! பறவைகள் மேல் உண்ணிகள் இருந்தன. ஆனா கியாசனூர் நோயைப் பறவைகள்தான் கொண்டு வந்தன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அந்த வளையங்களால் பறவைகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்ற அறிவு நமக்குக் கிடைத்தது. சந்தேகப்பட்டதும் கல்லெடுக்காமல், பிடித்துப் பார்த்து, எண்ணிப் பார்த்து, விட்டார்கள் பாருங்கள், அதுதான் அறிவியல்!

இன்னொன்று. நம்ம ஊர்ப் பக்கம் பேப்பரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று போடுகிறார்களே, அது ஸ்கிரப் டைபஸ். அதுவும் பாக்டீரியாதான். ஆனா அதைப் பரப்புவது உண்ணி இல்லை. உண்ணியைவிடச் சின்ன, மைட் என்ற உயிரின் குஞ்சுகள். புதரிலும் வயல் வரப்பிலும் இருக்கும். மழைக்காலத்திலும் அடுத்து வரும் பனி மாதங்களிலும் அதிகம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு வரலாம். விடாத காய்ச்சலோடு அப்படி ஒரு பொருக்கு இருந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அக்குள், இடுப்பு போன்ற மறைவான இடத்தில் இருப்பதால் பல பேர், முக்கியமா நம்ம மாதிரி பெண் பிள்ளைகள், சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சொன்னால்தான் மருந்து. இதுக்கும் ஆன்டிபயாடிக் கேட்கும்.

அப்படின்னா பறவை குற்றவாளியா?

இல்லவே இல்லை! இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஏரிக்கரை கருவேல மரத்தில் கொக்கு கூடு கட்டினால் சில பேர், "பறவையால நோய் வரும், கலைச்சு விடுங்கடா" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். சின்னப் பசங்க கவண் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் யோசியுங்கள். பறவை உண்ணியைக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்ளவில்லை. நம்மைப் போலவே அதுவும் கடி வாங்குகிறது. லைம் நோயை எடுத்துக்கொண்டால், பறவையைத் தூரத்தில் நின்று பார்ப்பதால் யாருக்கும் வராது. உண்ணி கடித்தால்தான் வரும்.

இன்னும் கேட்டால் உண்ணிக்கு எதிரியும் பறவைதான். மாடு மேயும்போது கூடவே நடக்குமே வெள்ளைக் கொக்கு, அதுக்கு நம்ம முன்னோர் வைத்த பெயர் என்ன? உண்ணிக்கொக்கு! வெட்டுக்கிளி, ஈயோடு உண்ணியையும் கொத்தித் தின்னும். காக்காவும் மைனாவும் மாட்டு முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்குவதை நாம் தினமும் பார்க்கிறோம். காசு வாங்காத வேலைக்காரர்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிப் பக்கத்து மக்கள் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. அவர்களால் முடியும்போது நம்மால் ஒரு கவணைக் கீழே வைக்க முடியாதா?

ஆனா செத்த பறவையையோ, நோயாய்க் கிடக்கும் பறவையையோ வெறும் கையால் தொடக் கூடாது. அன்பு வேற, கவனம் வேற. இரண்டும் வேணும்.

உண்ணி கடித்தால் செய்ய வேண்டியவை

1. ஆடு மாடு மேய்த்துவிட்டோ விறகு பொறுக்கிவிட்டோ வந்ததும் உடம்பைச் சோதியுங்கள். காது பின்னாடி, தலைமுடிக்குள், அக்குள், முழங்கால் மடிப்பு, இடுப்பு.

2. உண்ணி ஒட்டியிருந்தால் கூர்மையான இடுக்கியால் (முள் எடுக்கிற இடுக்கி போதும்) தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள்.

3. தீக்குச்சியால் சுடாதீர்கள். ஒட்டியிருக்கும்போது மண்ணெண்ணெய், சுண்ணாம்பு தடவாதீர்கள். அப்படிச் செய்தால் உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் கடித்த இடத்திலேயே கக்கிவிடலாம்.

4. எடுத்த உண்ணியை நகத்தில் வைத்து நசுக்காதீர்கள். நம்ம பாட்டிகள் எல்லாரும் செய்கிற வேலை இது. அன்பாக எடுத்துச் சொல்லுங்கள். ஒட்டுகிற டேப்பில் மடித்துப் போடலாம்.

5. கடித்த இடத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

6. தேதியை எழுதி வையுங்கள். சில வாரத்துக்குள் காய்ச்சலோ தடிப்போ வந்தால் ஆரம்ப சுகாதார நிலையம் போய், "இந்தத் தேதியில் உண்ணி கடிச்சது" என்று சொல்லுங்கள்.

சீக்கிரம் எடுப்பது ஏன் முக்கியம்? பொரேலியா உண்ணியின் குடலில் இருக்கிறது. உண்ணி குடிக்க ஆரம்பித்த பிறகுதான் அது குடலிலிருந்து எச்சில் சுரப்பிக்கு நகர்ந்து வரும். அதனால் லைம் நோய் தொற்றப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் உண்ணி ஒட்டியிருக்க வேண்டும். உண்ணி மெதுவாகச் சாப்பிடுவதை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதுக்குத்தான்! அந்த ஒரு நாள் நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு.

உங்களுக்குத் தெரியுமா?

* ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த 5300 ஆண்டு பழைய 'ஓட்சி' என்ற மனிதனின் உடலில் பொரேலியாவின் மரபணுத் தடயம் இருப்பதாக 2012-இல் தெரிவித்தார்கள்.

* பெரும்பாலான பாக்டீரியாவுக்கு இரும்புச் சத்து வேணும். பொரேலியா பர்க்டோர்ஃபெரி இரும்பு இல்லாமலே வாழும். அதற்குப் பதில் மாங்கனீசைப் பயன்படுத்துகிறது.

யோசித்துப் பாருங்கள் (விடை கீழே)

1. உண்ணிக் குஞ்சுக்கு எத்தனை கால்?
2. பறவையின் உடம்பில் உண்ணி அதிகம் ஒட்டும் இடம் எது?
3. கியாசனூர் காய்ச்சல் பாக்டீரியாவா, வைரஸா?

விடை: 1. ஆறு. 2. கண், அலகு, காது ஓரம். 3. வைரஸ்.

நண்பர்களே! லைம் ஊரில் ஒரு அம்மா கவனித்து எழுதி வைத்ததால் ஒரு நோயே வெளியில் தெரிந்தது. நாமும் கவனிப்போம். நம்ம ஏரிக்கு எந்த மாதம் என்ன பறவை வருகிறது, ஆட்டுக்கு எந்த மாதம் உண்ணி அதிகம் என்று ஒரு பழைய நோட்டில் எழுதுவோம். சேர்ந்து எழுத விருப்பம் உள்ளவர்கள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புக்கு வாருங்கள். அறிவியல் டீச்சரிடம் அனுமதி வாங்கியாச்சு!